வெள்ளையாகவே நின்ற வரி

ரதோமிர் இருபத்திரண்டு வருடம் வானொலிப் பெட்டித் தொழிற்சாலையில் ஈயம் வைத்துப் பற்றவைத்தவன். அது மூடியதும் நீஷ் நகரத் தெருக்களில் டாக்ஸி ஓட்டினான். நாற்பத்தெட்டு வயதில் அரசாங்கத்தின் இலவச வகுப்பில் உட்கார்ந்து, இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டான். "உனக்கெதுக்குடா இந்தச் சின்னப் பசங்க வேலை?" என்று டாக்ஸிக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒரு சின்ன நிறுவனத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் அவனை எடுத்துக்கொண்டபோது அவர்களே காப்பி வாங்கிக் கொடுத்தார்கள்.

அங்கே அவனுக்குக் கொடுத்த வேலை நிறம் மாற்றுவது. இன்னது நடந்தால் இந்த வரி இந்த நிறமாகட்டும் என்று எழுத வேண்டும். மாவட்ட மருந்துக் கிடங்கின் திரையையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். ஒவ்வொரு குளிர்பெட்டிக்கும் ஒரு வரி, ஓரத்தில் பொடி எழுத்தில் வெப்பநிலை. எட்டு டிகிரியைத் தாண்டினால் வரி சிவப்பாகிவிடும். கிடங்கில் காவல் பார்த்த விதோசவா, அவன் வீட்டுக்கு இரண்டு மாடி கீழே குடியிருப்பவள். அவளுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. "உன் சிவப்பு இருக்கிற வரைக்கும் எனக்குக் கண்ணாடி வேண்டாம்டா தம்பி" என்பாள் மாடிப்படியில்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரதோமிர் அந்தத் திரையின் நிரலில் உபயோகமில்லாத பழைய பக்கம் ஒன்றை அழித்தான். குப்பையைக் கூட்டுகிற மாதிரி ஒரு நல்ல காரியம், அவ்வளவுதான். ஒருவர் எழுதினால் இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். அணித்தலைவி நெவெனாவுக்கு இருபத்தொன்பது வயது, ஊருக்குக் கிளம்பும் அவசரம்; வயதை வைத்து அவனைச் சித்தப்பா என்றே கூப்பிடுவாள். "சித்தப்பா, அழிச்சதுதானே? அதுல என்ன படிக்கக் கிடக்கு!" என்று ஒப்புதலைத் தட்டிவிட்டாள். மாற்றம் கிடங்குத் திரைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை இன்சுலின் பெட்டி பழுதாகி, வெப்பம் பதினான்குக்கு ஏறியது. வரி வெள்ளையாகவே நின்றது. விதோசவா அந்தத் திரையை மூன்று முறை தாண்டிப் போயிருக்கிறாள். திங்கட்கிழமை காலை பெட்டியைத் திறந்தவர்கள் அத்தனை மருந்தும் கெட்டுப்போனதென்று வெளியே எடுத்துப் போட்டார்கள்.

சேதி காதில் விழுந்ததுமே ரதோமிர் கணினி முன்னால் போய் உட்கார்ந்தான். நிரலைத் திறந்தான். நிறத்தின் பெயரை அவன் முழுசாக எழுதியிருக்கவில்லை. முன்பாதி ஓரிடம், பின்பாதி ஓரிடம், திரை ஓடும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று எழுதியிருந்தான். பக்கத்தைக் கட்டி அனுப்பும் கருவிக்கு ஒட்டிப் பார்க்கத் தெரியாது. முழுப் பெயர் கண்ணில் பட்டால்தான் அந்த நிறத்தை வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் தூக்கி எறிந்துவிடும். முழுப் பெயர் இருந்த ஒரே இடம் அவன் அழித்த பழைய பக்கம். அவனுடைய கணினியில் பழைய மிச்சம் தங்கியிருந்ததால் வெள்ளிக்கிழமை சோதித்தபோது சிவப்பு பளிச்சென்று வந்து அவனை ஏமாற்றியிருக்கிறது. அட பாவி மனுஷா!

பத்து நிமிடத்தில் பெயரை முழுசாக எழுதி அனுப்பிவிட்டான். தப்பு கண்ணில் பட்டால் உடனே திருத்து என்றுதான் வகுப்பிலும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு விசாரணைக் குழு கிடங்குக்கு வந்தது. விதோசவா அழுத்தமாகச் சொன்னாள்: "சிவப்பு வரலைங்க. என் பிள்ளை மேல சத்தியம்." அவர்களில் ஒருவர் பெட்டியின் வெப்பமானியை எடுத்து உள்ளங்கையில் பொத்திப் பிடித்தார். திரையில் அந்த வரி சிவந்தது. "இப்ப என்னம்மா சொல்றீங்க?" என்றார். அவளை அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்தி வைத்தார்கள்.

ரதோமிர் நெவெனாவைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் முகம் வெளிறிப்போனது. "சித்தப்பா, வெள்ளிக்கிழமை உங்க ஒப்பந்தம் முடியுது. புது ஒப்பந்தத்துல கையெழுத்து ஆகட்டும், அப்புறம் ரெண்டு பேருமா போய்ச் சொல்லுவோம். இப்ப வாயைத் திறந்தா உங்களுக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை."

நான்கு நாள்தானே என்று அவன் நினைத்தான். ஐம்பதை நெருங்குகிற வயதில் வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? அந்த நான்கு நாளும் விதோசவாவைப் பார்க்காமல் இருக்க மின்தூக்கியில் ஏறி இறங்கினான். நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். அதனால் அது நியாயம் ஆகிவிடுமா?

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட ஒரு தாளும் வரவில்லை. ஆள் குறைப்பாம். முதலாளி அவன் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தபோதே அவனுடைய கணினிக் கணக்கை மூடிவிட்டார்கள். யார் எப்போது எந்த வரியை மாற்றினார்கள் என்ற சரித்திரத்தை அவன் பார்க்க அதுதான் ஒரே வழி. "நெவெனா, நீயாவது சொல்லும்மா" என்றான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதினான். நடந்ததை மணி வாரியாக எழுதி, தப்பு என்னுடையது என்று கீழே கையெழுத்திட்டான். மூன்றாம் வாரம் பதில் வந்தது. திரை சோதிக்கப்பட்டதாம், சரியாக இயங்கியதாம். நிறுவனத்திடம் கேட்டார்களாம், எந்தப் பிழையும் பதிவாகவில்லையாம். கடிதம் எழுதியவர் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்பதால் அவர் கூற்றை ஏற்பதற்கில்லையாம். விதோசவாவைப் பணிநீக்கமே செய்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் இதையே எழுதியிருந்தால் நிறுவனத்தின் ஆளாக எழுதியிருப்பான். இப்போது எழுதியவன், துரத்தப்பட்ட வயிற்றெரிச்சலில் புலம்புகிறவன்.

அன்று சாயங்காலம் மாடிப்படி வழியாகவே இறங்கிப் போனான். விதோசவா கதவைத் திறந்தாள். மூக்கில் புதுக் கண்ணாடி. விருந்தாளிக்கு வைக்கிற வழக்கப்படி தட்டில் ஒரு கரண்டி செர்ரிப் பாகும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அவன் எதையும் தொடவில்லை.

"அக்கா, அன்னைக்கு சிவப்பு வரவே இல்லை. தப்பு என்னோடது. திங்கக்கிழமை காலையில அவங்க வர்றதுக்கு முன்னாடியே அதைச் சரி பண்ணிட்டேன். நீங்க பொய் சொல்லலை."

அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு நல்ல மனசுடா தம்பி. என்னைத் தேத்தறதுக்காக உன் தலையில போட்டுக்கிறே. வேண்டாம்டா. முதல்ல நானும் வரலைன்னுதான் சொல்லிட்டிருந்தேன். அவங்க என் கண்ணு முன்னாலேயே காட்டினாங்களே! டாக்டரும் கண்ணு மங்கிப்போச்சுன்னு சொல்லிட்டார். சிவப்பு வந்துதான் இருக்கும்."

"இல்லைக்கா, சத்தியமா..."

"வந்திருக்கும்டா. மூணு தடவை அந்தப் பக்கமா நடந்திருக்கேன், பாவி, பார்க்காமப் போயிட்டேன்" என்றாள். பிறகு பாகுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடு. நீ ஏன் அழறே?"