மாமியாரின் கிளி

நான் கல்யாணமாகி வேங்கிக்காலுக்கு வந்த அதே மாதத்தில்தான் அந்தக் கிளியும் அந்த வீட்டுக்கு வந்தது. மாவட்டம் பிரிந்து, ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரருக்கு அவற்றில் ஒன்றில் குமாஸ்தா வேலை. சுற்றிலும் மனைகள் பாதிக்கு மேல் காலி. வேலிக்காத்தான் முள் மண்டிக் கிடக்கும். அதற்கு நடுவில் மொட்டைமாடியோடு ஒரு புது வீடு. அதில் நாங்கள் இருவரும், விதவையான என் மாமியாரும்.

மாமியாரின் ஊர்க்காரர் ஒருவர் பனைமரப் பொந்திலிருந்து இரண்டு குஞ்சுகளை எடுத்து வந்து கொடுத்தார். இறகே முளைக்காத சதைத் துண்டுகள். ஒன்று சீக்கிரமே செத்துவிட்டது. இன்னொன்றை மாமியார் மடியில் பழந்துணி விரித்து வைத்து, விரல் நுனியில் கூழைத் தொட்டு ஊட்டி வளர்த்தார். அவர் தூங்கும்போதுகூட ஒரு கை அதன்மேல் இருக்கும். அதைப் பார்த்து, நல்ல மனசுக்காரியிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பிராணியிடம் பிரியமாக இருப்பவர் மனுஷரிடமும் அப்படித்தான் இருப்பார் என்று அந்த வயதில் நம்பினேன்.

எனக்குக் குழந்தை உண்டாகவில்லை. இரண்டாம் வருஷத்திலிருந்து மாமியார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். கூடத்தில் உட்கார்ந்தபடியே, "ஏ மலடி, எங்கடி?" என்று குரல் கொடுப்பார். நான் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவேன். தண்ணீர் கேட்பார், வெற்றிலைச் செல்லம் கேட்பார். என் வீட்டுக்காரர் அங்கேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவர் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

கிளி இதையெல்லாம் கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. மாமியார் அதற்கு "முருகா" சொல்லித் தர ரொம்ப நாள் பாடுபட்டார். அது சொல்லவேயில்லை. ஒரு பௌர்ணமியன்று கிரிவலத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சாம்பார் வாளியோடு வளைந்து பரிமாறிக்கொண்டிருந்தேன். அப்போது, அச்சு அசல் மாமியாரின் குரலில், கிளி முதல் முதலாக வாய் திறந்தது.

"ஏ மலடி, எங்கடி?"

முதலில் என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, வாயிலிருந்த சோறு தெறிக்கச் சிரித்தாள். மாமியார் சிரித்தார். பந்தியே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். அம்மா சொன்னால் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறவருக்குக் கிளி சொன்னால் சிரிக்க முடிந்தது.

"கிளி சொல்றதுக்குப் போயி மூஞ்ச தூக்கி வச்சிக்கினு. அதுக்கு இன்னா தெரியும்" என்றார் என்னிடம்.

அதற்கு என்ன தெரியும் என்று நான் அன்றுதான் கவனிக்க ஆரம்பித்தேன். சிரிப்பு எழுந்ததும் அதன் கண்ணின் கருமணி கடுகுபோலச் சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கம்பியில் பக்கவாட்டில் ஓடி, மறுபடி அதையே சொன்னது. மறுபடி சிரிப்பு. அன்று மாலைக்குள் அது எத்தனை தரம் சொன்னதோ. "முருகா"வை யாரும் சிரித்துச் சொல்லவில்லை, கத்திச் சொல்லவில்லை. அதனால் அது அந்தச் சொல்லைச் சட்டை செய்யவேயில்லை. வீட்டில் எந்தச் சொல் அதிகச் சூட்டோடு சொல்லப்படுகிறதோ அதைப் பொறுக்கிக்கொண்டது. எந்தச் சொல்லுக்கு ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்களோ அதை வைத்துக்கொண்டது.

மாமியார் கோயிலுக்குப் போன நேரங்களில் அதை மாற்றப் பார்த்தேன். கோவைப்பழம் என்றால் அதற்கு உயிர். காலி மனையில் பறித்து வந்து, "வாம்மா, வாம்மா" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக நீட்டினேன். பழத்தை ஒரு காலில் பிடித்து நிதானமாகத் தின்றுவிட்டு, "மலடி" என்றது. பத்துப் பேர் சிரிப்பதற்கு முன்னால் என் கோவைப்பழம் எம்மாத்திரம்?

ஒருநாள் பாதியில் திரும்பி வந்த மாமியார் இதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி, என் புள்ளைய மயக்கனது போதாதுன்னு கிளியையும் மயக்குறியா?" என்றார். அன்றிலிருந்து கூண்டுப்பக்கம் நான் போகக் கூடாது என்று உத்தரவானது. மாதம் ஒருமுறை கத்தரிக்கோலால் அதன் இறக்கையை வெட்டும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். அது என்னைக் கடிக்கும். அவரைக் கடிக்காது. வெட்டுகிற கை அவருடையது, ஆனால் அது பிடித்திருந்த கையைத்தான் விரோதியாக எடுத்துக்கொண்டது.

நாலைந்து வருஷம் கழித்து நானும் என் வீட்டுக்காரரும் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். எனக்கு எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, கடைசியில் அவருக்கும் செய்தார்கள். குறை அவரிடம். டாக்டர் அவரிடம், "சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?" என்று கேட்டார். "வந்துச்சி சார். ரொம்ப மோசமா. அம்மாதான் ஆஸ்பத்திரியில கூடவே இருந்தாங்க" என்றார். "அதனாலதான்" என்று டாக்டர் தலையாட்டிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ் போளூர் தாண்டியது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அம்மாகிட்ட சொல்லாத. தாங்க மாட்டாங்க."

"அப்ப என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. எப்பவும்போல இரு."

எப்பவும்போல இருந்தேன். நாங்கள் வாசல் கேட்டைத் திறந்து உள்ளே நுழையும்போதே கிளி என்னைக் கூப்பிட்டது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் குளிக்கப் போனார்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு, ஒரு கார்த்திகை மாதம், மாமியார் பூஜை அறையில் விழுந்தார். வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. "ங்..ங்.." என்ற ஒரு சத்தம்தான் மிஞ்சியது. கூடத்தில் கட்டில் போட்டோம். கிளி பக்கத்தில் இருந்தால் ஆறுதல் என்று என் வீட்டுக்காரர் கூண்டைக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டார்.

கிளிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அது கூப்பிட்டது. பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டது. தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இறைத்தது. படுக்கையில் கிடந்தவர் தன் குரலையே தலைக்கு மேலிருந்து கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். சில வாரங்களில் கிளி தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. ஒருநாள் கூண்டை இறக்கிச் சுத்தம் செய்ய எடுத்தபோது அது வெளியே வந்து, மாமியாரின் செத்த கையின்மேல் ஏறி, விரலைக் கடித்தது. கை நகரவில்லை. மறுபடி கடித்தது. வலி தெரியாததால் அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். போர்வையில் ரத்தம் பரவிய பிறகுதான் நான் பார்த்தேன். பார்த்தபோதும் அது கடித்துக்கொண்டுதான் இருந்தது. கோபமில்லை அதற்கு. தட்டிக் கொடுக்கும் கை ஏன் தட்டிக் கொடுக்கவில்லை என்று தட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். மாடுகளுக்கு நடுவில் நின்றிருந்த ஒரு டாக்டரம்மா கூண்டை ஒரு பார்வை பார்த்தார்.

"இதுக்கு மருந்து இல்லம்மா. பேசிட்டிருந்த ஆளு பேசறது இல்ல. நீங்க யாராவது பேசுங்க" என்றார்.

நான் பேசவில்லை. எனக்கு அதனிடம் பேச ஒன்றும் இருக்கவில்லை.

பேசாத வீட்டில் கிளிதான் பேசியது. நோயாளியைப் பார்க்க உறவுகள் ஆரஞ்சுப்பழமும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். முன்பெல்லாம் அவர்கள் விருந்து முடிந்து போய், கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும், "துன்னுட்டுப் போச்சிங்க சனியனுங்க" என்பார் மாமியார். கிளியின் கணக்கில் அது கேட் சத்தத்தோடு சேர்ந்த சொல். வருகிறார்களா போகிறார்களா என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஆகவே பழப்பையோடு ஒவ்வொருவரும் கேட்டைத் திறந்தபோதே, உள்ளிருந்து மாமியாரின் பழைய, தெம்பான குரல் வந்தது. "துன்னுட்டுப் போச்சிங்க சனியனுங்க." மாமியாரின் சொந்தத் தம்பி படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வந்து, அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பழத்தை வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. மற்றவர்களும் மெல்ல நின்றுபோனார்கள்.

நாத்தனார் மட்டும் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் புருஷனுக்கும் ஒத்துப்போகாது. சண்டை வந்தால் பெட்டியோடு வந்துவிடுவாள். பேச்சு இருந்தவரை, அவள் முன்னால் மாமியார் அவளைத் தடவிக் கொடுப்பார். அவள் கொலுசுச் சத்தம் பின்கட்டுக்குப் போனதும், "வந்துட்டா வாழத் துப்பில்லாதவ" என்பார். அந்தச் சித்திரை மாதம் அவள் கொலுசுச் சத்தத்தோடு கூடத்தைத் தாண்டியபோது கிளி அதைச் சொன்னது.

நாத்தனார் திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். மாமியார் இடக்கையை மட்டும் தூக்கி "ங்..ங்.." என்றார்.

நாத்தனார் கூண்டைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். "அண்ணி, இத அடைச்சி வச்சிருக்கிறது பாவம். பறக்க வுட்டா புண்ணியம்" என்றாள்.

"றெக்க வெட்டியிருக்குது. பறக்காது" என்றேன். மாமியார் படுத்த பிறகு அந்த வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவள் காதில் வாங்கவில்லை. மொட்டைமாடிக்கு ஏறினாள். நான் பின்னாலேயே போவதற்குள் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டாள். கிளி வெளியே வரவில்லை. பின்கம்பியை அலகால் கவ்விக்கொண்டது. அவள் கூண்டைக் கவிழ்த்துக் குலுக்கினாள். அது கைப்பிடிச் சுவரில் விழுந்து, அங்கிருந்து தடுமாறி, சாய்வாகச் சரிந்து, பக்கத்துக் காலி மனையில் இறங்கியது. காக்கைகள் உடனே வந்துவிட்டன. முதலில் இரண்டு, பிறகு எண்ண முடியாதபடி. நாத்தனார் வெறும் கூண்டோடு நின்று பார்த்தாள்.

முள்ளுக்கு நடுவிலிருந்து அது அலறியது.

"ஏ மலடி, எங்கடி? ஏ மலடி, எங்கடி?"

நான் படியில் இறங்கி ஓடினேன். ஓடும்போதுதான் அது எனக்கு விளங்கியது. இத்தனை வருஷமும் கிளி என்னைத் திட்டவேயில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் நான் வருவேன். எந்த வேலை இருந்தாலும், முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருந்தாலும், வந்துவிடுவேன். அதன் அறிவுக்கு அது என் பெயர். உயிர் போகிற நேரத்தில் அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. சொல்லின் அர்த்தம் தெரிந்து சிரித்தவர்கள் அன்று பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர்கள்தான்.

புடவை கிழிய முள்ளுக்குள் புகுந்து, கல்லெறிந்து, அதை முந்தானையில் சுருட்டி எடுத்து வந்தேன். ஒரு கண் போயிருந்தது. பிழைக்காது என்றார்கள். பிழைத்தது. சமையலறை அலமாரியில் ஒரு கூடையில் வைத்து மஞ்சள் பத்துப் போட்டேன். இறகைப் பிடுங்குவதும் நின்றது. பேச்சும் நின்றது. அதற்குப் பிறகு மனிதர் வார்த்தை எதையும் அது சொல்லவேயில்லை. நான் அடுப்பில் நின்றால் தோளில் ஏறிக் காதோரம் உட்கார்ந்திருக்கும்.

மாமியார் அதைத் தேடினார். இடக்கையால் வெறும் கொக்கியைக் காட்டிக் காட்டி "ங்..ங்.." என்று அழுதார். கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தேன். அது அவர் முகத்தை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு போர்வையின்மேல் நடந்து வந்து, என் கையில் ஏறி, தோளுக்குப் போய்விட்டது. மறுபடி வைத்தேன். மறுபடி அப்படியே. விரல் நுனியில் கூழ் ஊட்டி வளர்த்தவர் பார்த்துக்கொண்டு கிடந்தார். பேசாத, தொடாத ஒரு உடம்பு அதற்கு அம்மா இல்லை. பழசையெல்லாம் நினைத்துப் பார்த்துத் தங்குகிற கடமை அதற்குக் கிடையாது.

அதற்குச் சில நாள் கழித்து, மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவரிடம் சொன்னேன். யோசித்து வைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது.

"அத்தை, குறை எங்கிட்ட இல்ல. உங்க புள்ளகிட்டதான். ஆஸ்பத்திரில அப்பவே சொல்லிட்டாங்க. உங்களால தாங்க முடியாதுன்னு அவருதான் சொல்லக் கூடாதுன்னாரு."

அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. கஞ்சியை விழுங்கிவிட்டு, என் கண்ணையே பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

தலையை மெதுவாக அசைத்தார். தெரியும்.

"எப்ப தெரியும்? கல்யாணத்துக்கு முன்னாடியேவா?"

மறுபடி அசைத்தார்.

பொன்னுக்கு வீங்கி வந்தபோது ஆஸ்பத்திரியில் மகனோடு கூடவே இருந்தவர் அவர்; டாக்டர்கள் அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் தெரிந்துதான் பெண் பார்க்க அடி அண்ணாமலைக்கு வந்து, என் அம்மா கையால் காபி குடித்துவிட்டு, ஜாதகம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஊர் வாயில் கேள்வி முளைக்கும் முன்பே அந்தச் சொல்லை என்மேல் ஒட்டிவிட வேண்டியிருந்தது. தான் ஒருத்தி சொன்னால் போதாது. வருகிறவர் போகிறவர் எல்லோரும் கேட்கும்படி கூடத்தில் கிளியும் சொல்லிக்கொண்டேயிருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

மீதிக் கஞ்சியை ஊட்டி முடித்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரிடம் இருந்தது அந்த ஒரு சத்தம்தான்.

ஐப்பசி மழையில் அவர் இறந்துபோனார். காரியத்துக்கு எல்லோரும் வந்தார்கள். பந்தியில் நாத்தனார்தான் முன்னால் நின்று பரிமாறினாள். கிளி அதற்கு அப்புறமும் சில வருஷம் என்னோடு இருந்தது. நான் அதன் இறக்கையை வெட்டவில்லை. சமையலறைக்குள்ளேயே பறந்து பழகி, ஒரு கோடையில் ஜன்னல் திட்டில் செத்துக் கிடந்தது.

அந்தக் காரியத்தன்று, கடைசி விருந்தாளியும் கேட்டைச் சாத்திக்கொண்டு போன பிறகு, சாயங்காலம், என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். உங்கம்மாவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும் என்றேன். அவர் கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தார். மொட்டையடித்த தலையைத் தடவிக்கொண்டார். நான் என் மனசில் என்னென்னவோ வார்த்தைகளுக்குக் காத்திருந்தேன்.

"வேற யாருக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.