சிஸ்டர் என்று கூப்பிடாத ஊர்

உப்பளம் பகுதியில் ஒரு மாடியில் நடந்த ஜெர்மன் வகுப்பில்தான் சுடர்விழியை முதலில் பார்த்தேன். எங்கள் ஊரில் எஞ்சினியரிங் முடித்த முதல் ஆள் நான். அந்தத் தெம்பில் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"தள்ளு தம்பி. டூட்டி முடிச்சு வரேன். சார் கண்ணெதிர்ல தூங்குனாத்தான் எழுப்புவாரு."

எட்டு வருடமாக நர்ஸ். பேச்சுத் தேர்வில் தேறினால் ஜெர்மனியில் வேலை. தூங்காத நேரத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பார், பெஞ்சே நடுங்கும்.

ஒருநாள் கோபிநாத் சார் 'ஷ்வெஸ்டர்' என்ற சொல்லை எடுத்தார். உடன்பிறந்தவள் என்று பொருள். ஆங்கில சிஸ்டர், டச்சு ஸஸ்டர், ஸ்வீடன்காரர்களின் ஸ்யுஸ்டர், எல்லாம் ஒரே வேர். அந்தக் காலத்தில் நோயாளிகளைக் கன்னியாஸ்திரீகள் பார்த்துக்கொண்டதால் அவர்களை அழைத்த பெயரே நர்ஸுக்கும் வந்தது.

"அப்ப அங்கயும் நான் சிஸ்டர்தானா சார்?"

"வயசானவங்க சொல்லுவாங்க. மத்தவங்க இப்ப விட்டுட்டு வராங்க."

பாதியைத்தான் சுடர்விழி காதில் வாங்கினார். தேர்வில், இடுப்பு ஆபரேஷன் முடிந்த க்ரூகர் என்ற முதியவராகத் தேர்வாளர் நடித்தார். சுடர்விழி, அங்கே இல்லாத தலையணையைச் சரிசெய்வதுபோல் நடித்து, "தாத்தா, மெதுவா எழுந்துக்கோ" என்று ஜெர்மனில் சொல்லியிருக்கிறார். பேச்சுத் தேர்வு போய்விட்டது.

"அவங்க என்னக் கூடப்பொறந்தவள்னு கூப்புடலாம், நான் தாத்தான்னா மரியாதக் கொறவா?"

"பெரிய மனுஷரக் கொழந்தையாக்கிட்டன்னு நெனப்பாங்கம்மா. அங்க பேரச் சொல்லித்தான் கூப்புடணும்" என்றார் சார்.

இன்னும் ஒரு தடவைதான் எழுதலாம், அதற்குப்பின் அந்த வேலை வேறு ஆளுக்கு. பழகுவதற்காகச் சுடர்விழி வார்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். எப்போதும் 'ஆயம்மா' என்று கேட்டுப் பழகிய, சர்க்கரைப் புண்ணோடு படுத்திருந்த பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னா சிஸ்டர், எம்மேல கோவமா?"

அன்றைக்கு முழுக்கச் சுடர்விழிக்கு வேலை ஓடவில்லை.

"வார்டுல நமக்கு ஆவாது தம்பி. நீ படு."

வகுப்பு முடிந்ததும் பெஞ்சில் நான் ஹெர் க்ரூகரானேன். ஹெர் என்றால் நம்ம திரு.

"படிச்ச பேஷன்ட் கெடச்சிருக்கேன், நல்லா கவனிங்க" என்றேன்.

"பேஷன்ட் வாயத் தொறக்கக் கூடாது."

ஒவ்வொரு முறையும் 'தாத்தா' நுனிநாக்குவரை வரும். கண்ணை மூடுவார், எழுந்து ஜன்னல்வரை நடப்பார், திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்குவார்.

இரண்டாம் முறை தேறிவிட்டார். இப்போது காசெல் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் எலும்பு வார்டில் வேலை செய்கிறார். பாஸ்போர்ட்டில் உள்ள அப்பா பெயரை வைத்து அங்கே எல்லோரும் அவரை ஃப்ராவ் கிருஷ்ணசாமி, நம்ம கணக்கில் திருமதி கிருஷ்ணசாமி, என்றே அழைக்கிறார்கள்.