வலது கார்னரில் ஒரு துரை

கல்லூரிக் கபடியில் தலைசிறந்த கார்னர் யார் என்று யாராவது கேட்டால் நான் அடக்கமாகச் சிரித்துவிட்டுத் தரையைப் பார்ப்பேன். கேட்டவர் புரிந்துகொள்ள வேண்டும். புரியவில்லை என்றால் நானே சொல்லிவிடுவேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படித்த காலம் முழுக்க இடது கார்னரில் நின்றவன் நான். ஏழு பேர் நிற்கும் வளையத்தில் இரண்டு முனைகளிலும் நிற்பவர்கள்தான் கார்னர். பாடி வருகிறவன் திரும்புகிற நேரம் பார்த்து அவன் கணுக்காலைக் கவ்வுவது எங்கள் வேலை. என் பக்கம் எவனும் வந்ததில்லை. பயம் என்று நான் சொல்வேன். முழங்காலில் நான் தடவியிருந்த தைலத்தின் நாற்றம் என்று என் அறைக்காரர்கள் சொல்வார்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள்.

இந்தப் பெருமையைத் தூக்கிக்கொண்டு, இரண்டாயிரம் பிறந்த பிறகு, ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். அறையில் எல்லோரும் தெற்கத்திக்காரர்கள். ஒரு ஷிப்ட் எழுந்தால்தான் இன்னொரு ஷிப்ட் படுக்கலாம். பாய் ஆறவே ஆறாது. கையைக் காலை நீட்ட எங்களுக்கு இருந்த ஒரே இடம், ஊர் ஏரிக்குள் தண்ணீர் வற்றிய பக்கம் கிடந்த மைதானம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கபடி ஆடினால்தான் அடுத்த வாரம் மனிதனாக வேலைக்குப் போக முடியும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்த மண் இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறியிருப்போம்.

அந்தச் சமயத்தில்தான் புது பிரஸ் மெஷினைப் பொருத்த அமெரிக்காவிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், கொஞ்சம் தொப்பை, வெயிலில் தக்காளி நிறம். கம்பெனியில் எல்லோரும் அவரைத் துரை என்றோம். அவர் கற்ற முதல் தமிழ் வார்த்தை "சாப்ட்டாச்சா?" கேன்டீன் போகும் வழியில் ஆளாளுக்கு அவரிடம் அதைக் கேட்டார்கள், அதுதான் இந்த ஊர் வணக்கம் என்று முடிவு கட்டிவிட்டார். காலையில் கேட் வாசலில் செக்யூரிட்டியிடம் "சாப்ட்டாச்சா?" மெஷின் நின்றுபோய் சூப்பர்வைசர் தலையில் கை வைத்து நிற்கும்போதும் "சாப்ட்டாச்சா?" எங்கள் ஆட்களும் எந்த வேலையில் இருந்தாலும் நிமிர்ந்து பார்த்து "ஆச்சு சார்" என்பார்கள். சாப்பிடாதவனும் அதையேதான் சொல்வான்.

கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்று என்னை அவருக்கு உதவிக்குப் போட்டிருந்தார்கள். ஒருநாள் டீ நேரத்தில் கல்லூரியில் என்ன விளையாடினாய் என்று கேட்டார். "கார்னர் சார்" என்றேன். அவர் கண் விரிந்தது. நெஞ்சைத் தட்டி, "நானும் கார்னர்!" என்றார்.

அப்புறம் எங்களைப் பிரிக்க ஆள் இல்லை. எப்படி மடக்குவாய் என்பார். கணுக்காலில் என்பேன். தாழ்வாகப் போவதுதான் நல்லது என்று ஒத்துக்கொள்வார். எதிராளியின் கண்ணைப் பார்க்காதே, அது பொய் சொல்லும். இடுப்பைப் பார், இடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பார். எங்கள் பயிற்சியாளரும் அதையேதான் கத்துவார். இடையிடையே பந்து என்றார், ஹெல்மெட் என்றார். அவர்கள் ஊர்க் கபடியில் பந்தும் உண்டு போல, பணக்கார நாடு, எதையாவது சேர்த்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அவர் ஊரின் தலைசிறந்த கல்லூரி கார்னர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். ஒருவன் ஆட்டம் முடியும்வரை வாயை மூடமாட்டானாம். எதிராளியின் அக்கா கல்யாணம் வரைக்கும் விசாரித்து அவன் கவனத்தைக் கெடுப்பானாம். ஆனால் எல்லோருக்கும் மேலே ஒருவன் இருந்தானாம். அவன் நிற்கிற பக்கம் பந்தை வீசவே எவனுக்கும் துணிச்சல் வராதாம். "அவன்தான் கார்னர். பந்து வராதவன்" என்றார். பிறகு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "என் பக்கம்தான் எல்லோரும் வீசுவார்கள். கடைசி வருடம் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்" என்றார். இத்தனை வருடம் கழித்தும் அந்த மனிதருக்கு அது ஆறவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

அந்த மாதமே எங்களுக்கு வினை வந்தது. ஊர்ப் பையன்கள் மைதானத்துக்கு வந்து நின்றார்கள். அவர்களில் முன்னால் நின்றவன் எங்கள் கம்பெனியிலேயே போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். ரெய்டு போவதில் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவனுக்கு ஜோடி கிடையாது.

"இன்னாபா, எங்க ஏரி, எங்க கிரவுண்டு. வாரா வாரம் நீங்களே ஆடிக்கினு இருந்தா நாங்க எங்க போறது? வர ஞாயித்துக்கெழம ஒரு ஆட்டம். ஜெயிச்சா ஆடிக்கோ. தோத்தா கெளம்பிக்கினே இரு" என்றான்.

"பாத்துருவோம்ல" என்று நான் சொல்லித் தொலைத்தேன். வாய் மட்டும் இல்லை என்றால் என்னை நாய்கூட மதிக்காது.

ஞாயிறு காலை எங்கள் வலது கார்னரை சூப்பர்வைசர் ஓ.டி. போட்டு உட்கார வைத்துவிட்டார். ஏழாவது ஆள் இல்லை. அறைக்காரர்கள் என்னை முறைத்தார்கள். நான் நேராகத் துரை தங்கியிருந்த கெஸ்ட் ஹவுஸுக்குப் போய், "சார், கார்னர் வேணும்" என்றேன். ஷூ லேஸைக் கட்டியபடியே காரில் ஏறினார்.

அவரைப் பார்த்ததும் ஊர்ப் பையன்களுக்கு ஒரே குஷி. "தொரையா? ஆடட்டும்பா, நம்மளுக்கு இன்னா போச்சு" என்று சிரித்தார்கள். நடுவராக வந்தவர் அந்த ஊர் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர், விசிலை வாயில் வைத்தால் பெற்ற பிள்ளையையும் வெளியே அனுப்புகிறவர்.

துரை வலது கார்னரில் போய் நின்று நாலு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பந்து எங்கே?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஆள் ஆடியது வேறு என்னமோ. அமெரிக்காவில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆடுகிற புட்பால், அதிலும் கார்னர் என்று ஓர் இடம் உண்டு என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. விளக்கிச் சொல்ல நேரமும் இல்லை, என் இங்கிலீஷுக்கு அத்தனை தெம்பும் இல்லை. "பந்து பிறகு வரும் சார். அதுவரைக்கும் வருகிறவனை விடாமல் பாருங்கள். தொட விடாதீர்கள். பின்கோட்டைத் தாண்டாதீர்கள்" என்றேன். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

முதல் ரெய்டிலேயே பின்கோட்டைத் தாண்டி அவுட் ஆனார். போர்க்லிப்ட்காரன் பாடி வந்ததும் துரை அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டு முதுகுப் பக்கமாகவே ஓடினார், என்ன அழகாக ஓடினார், நேராக வேலிக்காத்தான் புதர் வரைக்கும். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் அறைக்காரன் ஒருவன், "எலே, இவர எங்கலே புடிச்ச?" என்று பல்லைக் கடித்தான்.

ஆனால் நாங்கள் ஒரு ஆளைப் பிடித்து அவர் மறுபடி உள்ளே வந்த பிறகு கோடு அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு யாராலும் அவரைத் தொட முடியவில்லை. அவரும் யாரையும் தொடவில்லை. பந்து வருவதற்கு முன் தொட்டால் தப்பாம், அவர்கள் சட்டம் அப்படி. ரெய்டர் வலதில் சாய்ந்தால் அவரும் சாய்வார், நின்றால் நிற்பார், எப்போதும் ஒரு கை தூரம். என் பக்கம் வழக்கம்போல யாரும் வரவில்லை. தைலத்தை அன்றைக்குக் கூடுதலாகவே தடவியிருந்தேன்.

கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் சமமான புள்ளி. எங்கள் பக்கம் மிச்சம் நின்றது நானும் துரையும்தான். கடைசி ரெய்டு போர்க்லிப்ட்காரனுடையது. ஒருவரைத் தொட்டுத் திரும்பினால் மைதானம் அவர்களுக்கு. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆறாத பாயில்தான் கிடக்க வேண்டும் என்று நினைத்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது.

அவன் கபடி கபடி என்று நேராகத் துரையிடம் போனான். கை நீட்டினான், கால் வீசினான். துரை நழுவினார். இவன் இன்னும் உள்ளே போனான். துரை அவன் இடுப்பில் வைத்த கண்ணை எடுக்காமல், வாய் நிறையச் சிரித்து, கம்பெனியில் தினமும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"சாப்ட்டாச்சா?"

"ஆச்சு சார்" என்றான் போர்க்லிப்ட்காரன்.

மாஸ்டர் விசிலை ஊதினார்.

பாடுகிறவன் வாயில் கபடியைத் தவிர வேறு சொல் வந்தால் அவுட். ஊர்ப் பையன்கள், "இது கள்ளாட்டம் சார்!" என்று மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

மாஸ்டர் விசிலைத் துடைத்துப் பையில் போட்டார். "அவரு கேட்டதுல தப்பு இன்னா கீது? நீ இன்னாத்துக்குடா பதில் சொன்ன?"

"தொர சாப்ட்டியான்னு கேக்குறாரு, சொல்லாம எப்டி சார்?" என்றான் அவன், பாவம், அழாத குறையாக. அவன் கூட்டாளிகளே முதலில் சிரித்தார்கள். அப்புறம் அவனும் சிரித்துவிட்டான். மைதானம் எங்களுக்கே கிடைத்தது. அதற்கடுத்த வாரம் அவனும் எங்களோடு ஆட வந்துவிட்டான். ஒன்றைச் சொல்ல வேண்டும்: பாடிப் போகிறபோது காதில் பஞ்சு வைத்துக்கொள்ள ஆரம்பித்தான்.

எங்கள் ஆட்கள் துரையைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். கனம் தாங்காமல் கீழே வைத்துவிட்டார்கள். அவர் சட்டையில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கியபடி என்னைத் தனியே அழைத்துப்போனார். வேர்த்து ஊற்றிய முகத்தில் பெரிய குழப்பம்.

"ஜெயித்தது சந்தோஷம். ஆனால் பந்து கடைசி வரைக்கும் வரவே இல்லையே, ஏன்?"

விளையாட்டை விளக்கிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த டீ கிளாஸ் நினைவுக்கு வந்தது.

"உங்க பக்கம் வர அதுக்குத் துணிச்சல் இல்ல சார்" என்றேன்.