வலது கன்னத்தில் ஒரு மச்சம்

பழனியாத்தாள் அக்காவுக்கு அந்தப் போனை வாங்கச் சொன்னது நான்தான். கேமராவும் கையுமாக ஊர் ஊராகச் சுற்றுகிறவள் என்பதால், எந்தப் போனில் படம் நன்றாக விழும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். அக்கா கேட்டது மகள் லோகப்பிரியாவுக்காக.

அக்காவுக்குச் சத்தியமங்கலம் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. இருபது வருடமாக விளக்கடியில் ஓடும் துணியைப் பார்த்து, இழை விட்ட இடத்திலும் கறை பட்ட இடத்திலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். கணவர் வெள்ளியங்கிரி டெம்போ ஓட்டுகிறார். லோகப்பிரியா ஒரே மகள்.

அவளுக்கு வலது கன்னத்தில் புளியங்கொட்டை அளவில் பிறவி மச்சம். யாராவது போட்டோ எடுத்தால் சட்டென்று இடது பக்கத்தைக் காட்டி நிற்பாள். பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவிலும் சொந்தக்காரர் கல்யாண ஆல்பங்களிலும் அவளுக்குப் பாதி முகம்தான்.

புதுப் போன் வந்த அன்று அக்கா அவளை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார். கன்னம் வழவழவென்று இருந்தது. மச்சத்தைக் காணோம்.

"யாரும்மா இவ? நம்மூட்டுப் புள்ளையாட்டவே இல்லியே" என்று சிரித்தாள் லோகப்பிரியா.

போன் தானாகவே முகத்தை மெருகேற்றுகிறது, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்றேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்க்கா. உங்குளுக்கென்ன?" என்றாள் லோகப்பிரியா என்னிடம்.

அன்றிலிருந்து அவள் கேமராவை நேராகப் பார்த்து நிற்கத் தொடங்கினாள். இரண்டு வருடத்தில் ஆயிரம் படமாவது இருக்கும். எல்லாவற்றிலும் சிரிக்கிறாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

போன வருடம் ஜாதகத்தோடு கொடுக்க ஒரு படம் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். என் கேமராவில் மச்சம் இருந்தபடியே விழுந்தது. அக்கா என்னைத் தனியாக அழைத்து, "கண்ணு, அதை மட்டும் எடுத்துப்போடு. நேர்ல வாரப்ப பாத்துக்கட்டும்" என்றார். இரண்டு நிமிட வேலை. எடுத்துவிட்டேன். பிறகு மறுபடியும் ஊர் சுற்றக் கிளம்பினேன். ஏதோ ஒரு மலையூரில், கேமரா கார்டில் இடமில்லாமல் போனபோது, பழைய படங்களை மொத்தமாக அழித்தேன்.

ஐப்பசியில் லோகப்பிரியாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடலாகத்தான் கொண்டுவந்தார்கள். வயது இருபத்து மூன்று.

சேதி கேட்டு நான் ஊர் வந்து சேர்ந்தபோது ஒரு வாரம் ஆகியிருந்தது. கருமாதிக்குப் படம் வைக்க வேண்டும். அக்கா போனை என்னிடம் நீட்டினார்.

"நீயே பாரு கண்ணு. இதுல ஒண்ணுலகூட எம்புள்ள இல்ல."

நான் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

"உங்கிட்ட இருக்குமல்ல? மொதல்ல எடுத்தது?"

"அழிச்சுப்போட்டனுங்க்கா."

அவர் என்னைத் திட்டவில்லை. "நாந்தான மச்சத்தை எடுக்கச் சொன்னேன்" என்றார்.

மறுநாள் அக்கா, மாமா, நான் மூன்று பேரும் சத்தியமங்கலத்தில் அருண்குமாரின் ஸ்டுடியோவுக்குப் போனோம். ஆதார் அட்டையிலிருந்த பத்து வயது முகத்தை அவன் பெரிதாக்கிப் பார்த்தான். சாம்பல் நிறக் கட்டங்கள்தான் வந்தன. போன் படங்களையும் பார்த்தான்.

"போன்லயே தொடச்சுப்போட்டுதானுங்க படத்தையே வெச்சிருக்குது. அடியில ஒண்ணுமே இல்ல. எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க, நான் வரைஞ்சு வெச்சுத் தாரேன். வித்தியாசமே தெரியாது."

வெள்ளியங்கிரி மாமா பையிலிருந்து அவளுடைய பள்ளிக்கூட டி.சி.யை எடுத்தார். அங்க அடையாளம் என்ற இடத்தில், வலது கன்னத்தில் ஒரு மச்சம் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

அருண்குமார் திரையில் ஒரு பழுப்புப் புள்ளியை வைத்தான்.

"கொஞ்சம் கீழ" என்றார் அக்கா.

நகர்த்தினான்.

"கீழ இல்லீங்க தம்பி, மேல. கண்ணுக்குப் பக்கமா" என்றார் மாமா.

"சிரிச்சா குழி உழுகுமே, அதுக்கு மேல. ஒட்டினாப்புல" என்றார் அக்கா.

"ஒட்டலீங்கறேன். நடுவுல ஒரு வெரக்கடை எடம் இருந்துது."

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"ஊசிமொன ஓட்டையெல்லாம் கண்டுபுடிக்கறவளுக்கு இது தெரியலியாக்கும்" என்றார் மாமா. சொன்ன வேகத்திலேயே தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா திரைக்கு அருகில் போனார். விரலை நீட்டினார். கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே விரல் நின்றுவிட்டது. எந்த இடத்தில் நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மச்சத்தை அழிக்கும்போது அதைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தவள் நான். எனக்கு நிறம் நினைவிருந்தது. இடம் நினைவில்லை.

"குத்துமதிப்பா வெச்சரலாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டான் அருண்குமார்.

"வேண்டாந் தம்பி. தப்பா வெச்சுப்போட்டா நாளைக்கு அதையே நெசம்னு நெனச்சுப்போடுவேன்" என்றார் அக்கா.

வெறுங்கையோடு திரும்பினோம்.

கருமாதியன்று மாமாவின் தங்கை சாமியாத்தாள், போனிலிருந்த ஒரு படத்தையே பெரிதாகச் சட்டம் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். வந்தவர்கள் மாலை போட்டார்கள். "லட்சணமான புள்ள" என்று அழுதார்கள். மச்சம் இல்லாததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அக்காவைக் கூப்பிடச் சொன்னார்கள். தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். சுவரைப் பார்த்து நின்றிருந்தார். வலது கை விரல் அவருடைய சொந்தக் கன்னத்தில் இருந்தது. கண்ணுக்கு அடியிலிருந்து மெதுவாக இறங்கி ஓரிடத்தில் நின்றது. பிறகு கொஞ்சம் மேலே போனது. மறுபடியும் இறங்கியது.