சத்தம் இல்லாத வெளிச்சம்

விருதுநகரில் ஒரு கண் மருத்துவமனையில் விழித்திரையைப் படம் எடுப்பது என் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் டாக்டர் ஓர் ஆய்வில் சேர்ந்தார். கண்ணுக்கு வரும் ரத்தக் குழாய், மூளைக்குப் போகும் குழாயிலிருந்து பிரிந்து வருவது. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் நல்ல சிவப்பு, குறைந்தால் கருஞ்சிவப்பு. கண்ணுக்குள் அந்த நிறத்தை அளந்து, மூளையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? அதைத்தான் சோதித்தோம். அதற்கு நோய்நொடி இல்லாதவர்கள் தேவைப்பட்டார்கள்.

நாரணாபுரத்திலிருந்து ஓர் அக்கா கணவரோடு வந்தார். அக்கா பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிறவர். கணவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்ததால் அவரைச் சேர்க்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

“கண்ணுல மருந்து விடப்போறேன்க்கா,” என்றேன்.

“கம்பெனியில மருந்து கண்ணுல பட்டா ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். இங்கன ஆஸ்பத்திரியிலயே ஊத்துறீகளே,” என்று சிரித்தார்.

நெற்றியில் ஒரு பட்டை ஒட்டினோம். அது மூளையின் ஆக்சிஜனைத் தனியாகக் காட்டும். கண் சொல்வதோடு அதை ஒப்பிட வேண்டும். அக்கா முகவாயைக் கேமராவின் தாங்கியில் வைத்தார். கேமரா பளிச்சென்று மின்னியது. படத்தில் வெறும் இமை. ஏழு முறை எடுத்தேன், ஏழும் இமைதான்.

“வேணும்னு மூடல தாயி. பதினெட்டு வருசமா பொறியக் கண்டா கண்ண மூடிப் பழகியாச்சு. இப்பப் போயி மூடாதன்னா அது கேக்குமா?”

வேறு ஆளைப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்த அக்காவின் முகம் வாடிப்போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. அவரை எழுப்பிவிட்டு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். “என்னைய எடுங்கக்கா. இந்தப் பட்டன அமுக்குனாப் போதும்.”

தயங்கித் தயங்கி அமுக்கினார். பிறகு நான்கைந்து முறை தொடர்ந்து அமுக்கினார்.

“வெளிச்சம் மட்டுந்தான். பின்னால சத்தம் வரலியே,” என்றார் மெதுவாக. “எங்களுக்கு வெளிச்சம்னா வெடி. ஒடம்பு அதுக்குத்தான் காத்துக்கெடக்கு.”

பட்டனின் ஒயர் நீளமானது. அக்காவை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்து, பட்டனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நான் கேமராவைச் சரிபார்த்தேன்.

“திரிய நாம பத்தவச்சா பயமில்ல,” என்று சொல்லிக்கொண்டே அமுக்கினார். கண் திறந்தபடியே இருந்தது.

சில நிமிடம் முகமூடியில் ஆக்சிஜன் கொடுத்து மறுபடி எடுத்தோம். கண்ணின் அளவு ஏறியது. நெற்றிப் பட்டையின் அளவும் கூடவே ஏறியது. டாக்டர் கணினித் திரையை விட்டு நகரவே இல்லை. ஒருவரை வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னும் நிறையப் பேர் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கணவர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். “மூளை இருக்காமா?”

“இருக்கு, படமே எடுத்துட்டாக. ஒங்களத்தான் வேணாம்னுட்டாக.”

மருந்தில் கண்மணி விரிந்திருந்ததால் அக்காவுக்கு வெயில் கூசியது. அவர் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு, பேச்சுக்குப் பேச்சு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே கணவர் படியிறங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா, கூட வேலை பார்க்கும் நான்கு பெண்களைக் கூட்டிவந்தார். அன்று நாங்கள் மதியச் சாப்பாட்டை மறந்து படம் எடுத்தோம்.