பெயரில்லாத உடுப்புகள்

ஜெர்மனியில் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் காலுறைக்கும் பெயர் உண்டு, உள்ளாடைக்கும் உண்டு. ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இது விசர் வேலையாகத் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அத்தனை கிழடுகளின் உடுப்பும் ஒரே மெஷினில் சுழன்று வரும்போது எது யாருடையதென்று யார் கண்டது? அதனால் ஒருவர் இங்கே வந்து சேர்ந்த அன்றே அவருடைய உடுப்பெல்லாம் நிலக்கீழ் மாடியில் இருக்கிற எங்கள் சலவைக்கூடத்துக்கு வந்துவிடும். வெள்ளைத் துண்டில் அச்சடித்த பெயரைக் கழுத்துப்பட்டியில் வைத்து, சூட்டு அழுத்தியின் கீழ்க் கொடுத்து ஒட்டுவது என் வேலை. ஒட்டினால் ஒட்டினதுதான். உரிக்கப் பார்த்தால் துணியும் சேர்ந்து கிழியும். பெயர் இல்லாமல் வந்து சேருகிற உடுப்புகளை ‘நாமென்லோஸ்’, அதாவது பெயரற்றவை என்று எழுதிய தள்ளுவண்டியில் தொங்கவிடுவோம். வெள்ளிக்கிழமைகளில் அதை மாடி மாடியாக உருட்டிக்கொண்டு போவோம். ‘இது என்னுடையது’ என்று யார் சொல்கிறாரோ, அது அவருக்கு.

என்னோடு வேலை செய்கிறவள் ஹோதான், சோமாலியப் பெண். அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். பிறந்ததோ இந்த இல்லத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரியில். பக்கத்து ஊரான வால்டோர்ஃபுக்குக் கணினி வேலைக்கு வந்த இந்தியத் தமிழர்கள் பஸ்ஸில் என்னைக் கண்டால் ஆங்கிலத்தில் சிரித்துவிட்டு ஃபோனுக்குள் தலையை விடுவார்கள். எனக்கு இங்கே வாய்த்த சொந்தம் இவள்தான். என்னை அக்கா என்று கூப்பிடப் பழக்கிவிட்டேன். நாங்கள் பேசுவது ஜெர்மன் என்றாலும் என் காதில் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

துவாய் மடிக்கும்போது அவள் வாய் எதையோ முணுமுணுக்கும். முதலில் தொழுகை என்று நினைத்தேன். அது ‘அப்திர்சி’யாம். தன் பெயர், தகப்பன் பெயர், அவருடைய தகப்பன் பெயர் என்று மேலே மேலே ஏறிப்போகிற பரம்பரைச் சங்கிலி. சின்ன வயதில் தகப்பன் பாடமாக்கிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். மறந்துபோகாமல் தாய் பார்த்துக்கொண்டாள். துவாய்க்கு ஒரு பெயர் என்று அடுக்கு முடியும்வரை சொல்லிக்கொண்டே போவாள். எனக்கு என் பூட்டன் பெயரே தெரியாது. எனக்கு அவள்மேல் பொறாமை வந்ததும் உண்மைதான்.

போன வசந்தத்தில் ஒருநாள் தலையில் இடி விழுந்ததுபோல ஒரு செய்தி சொன்னாள். வாடகை வீட்டை விட்டுவிட்டாளாம், வேலைக்கும் ‘குண்டிகுங்’, அதாவது விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். சோமாலியாப் பக்கம் ஹர்கெய்சாவில் இருக்கிற மாமி, அதாவது தகப்பனின் தங்கை வீட்டுக்கு, ஒரேயடியாக இருக்கப் போகிறாள். இதற்கு முன் ஒருநாள்கூட அந்த மண்ணை மிதித்ததில்லை.

“என்னடி விசரோ உனக்கு?” என்று கேட்டேன்.

“இஞ்ச நான் ஆரெண்டு ஒவ்வொருநாளும் விளங்கப்படுத்த வேண்டிக்கிடக்கு அக்கா. இரண்டாம் மாடிக் கிழவர் காலமை எழும்பின உடன, நீ எப்ப வீட்டை போறாய் எண்டு கேக்கிறார். அங்க நான் என்ர பெயரைச் சொன்னாக் காணும்.”

தாய் தன் கலியாணத்துக்கு உடுத்த ‘டிரா’வை மகளுக்குக் கொடுத்திருந்தாள். மெல்லிய செம்மஞ்சள் துணியில் தைத்த நீள அங்கி, ஓரமெல்லாம் பொன் நூல். நீ போய் இறங்குகிற அன்று பின்னேரம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் கூடுவார்கள், வட்டமாக நின்று கைதட்டி உன் வம்சத்தைப் பாடுவார்கள், நீ நடுவில் போய் ஆடவேண்டும் என்று தாய் சொல்லியிருந்தாள். இவள் உலர்த்தும் மெஷின்களுக்கு நடுவில் ஆடிப் பழகினாள். நன்றாகத்தான் ஆடினாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. என் கதையைச் சொன்னேன். யுத்தம் முடிந்து நீண்டகாலம் கழித்து நானும் அப்படித்தான் யாழ்ப்பாணம் போனேன். காஞ்சிபுரம் உடுத்து, தலைக்குப் பூவும் வைத்துக்கொண்டு போய் இறங்க, அக்காவின் மகள் அரைக்காற்சட்டையோடு வந்து கதவைத் திறந்தாள். “சித்தி, நீங்கள் பழைய படத்தில வாற ஆள் மாதிரிக் கதைக்கிறியள்” என்றாள். அன்றிரவு பீட்சா எடுப்பித்தார்கள். எனக்கு ஒடியல் கூழ் வேண்டும் என்று கேட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “கூழோ? இஞ்ச ஆர் அதுக்கு மினக்கெடுறது? ஹோட்டலில விக்கிறாங்கள், வெளிநாட்டுக்காரருக்கெண்டு. போய்க் குடி” என்றாள். போனேன். குளிரூட்டிய அறையில் சிரட்டையில் ஊற்றித் தந்தார்கள். என்னைச் சுற்றிக் கனடாவும் பாரிஸும் லண்டனும் கூழ் குடித்துக்கொண்டிருந்தன, ஊர்ச்சனம் ஒன்றுகூட இல்லை.

“அது உங்கட ஊர் அக்கா. எங்கட சனம் அப்பிடியில்லை” என்றாள் ஹோதான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வா என்று விட்டுவிட்டேன்.

கடைசி நாள் எங்கள் பொறுப்பாளர் ஃப்ராவ் சைடல், அதாவது திருமதி சைடல், கேக் சுட்டுக்கொண்டு வந்தாள். மேலே சாக்லேட்டில் ஒட்டகம். “கடைசியில வீட்டை போறாய், எவ்வளவு சந்தோசம்!” என்று கண் கலங்கினாள். இந்த ஊரில் பிறந்தவளுக்கு அவள் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஹோதான் சிரிக்கவில்லை. ஒட்டகத்தின் தலையை வெட்டி எனக்குத் தந்துவிட்டு, ஓம் என்று சொன்னாள்.

மரங்கள் இலை கொட்டுவதற்கு முன்னமே திரும்பி வந்துவிட்டாள். சலவைக்கூடத்தில் அவளுடைய அலுமாரி இன்னொருத்திக்குப் போய்விட்டது. தற்காலிக ஆளாக, மணித்தியாலக் கணக்கில் எடுத்தார்கள். “இவ்வளவு கெதியாவோ? வீடு வடிவாயில்லையோ?” என்று ஃப்ராவ் சைடல் கேட்டாள்.

“சரியான வெக்கை” என்றாள் ஹோதான். எல்லோரும் சிரித்தார்கள், ஹோதான் உட்பட.

நடந்ததை எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னாள், துவாய் மடித்துக்கொண்டே. டிராவை உடுத்தபடிதான் விமானத்தால் இறங்கியிருக்கிறாள். மாமி வீட்டுப் பெட்டைகள் வீட்டுச் சட்டையோடு துருக்கி நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒருத்தி தலையை நிமிர்த்தி, “இண்டைக்கு ஆற்றை கலியாணம்?” என்று கேட்டாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும், பெண்கள் எப்போது வருவார்கள் என்று இவள் கேட்க, எந்தப் பெண்கள் என்று அவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கு விளங்கிவிட்டது. ஃபோனில் ஒரு பாட்டைப் போட்டு, சரி ஆடு என்றார்கள். பாவி, ஆடியிருக்கிறாள்! விறாந்தைக் கம்பளத்தில் தனியாக, கடைசிவரை. ஒருத்தி படம் எடுத்தாள். விடிய இவள் கடைக்குப் போக, அந்தப் படத்தைப் பார்த்த தெருப்பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு பின்னால் வந்தார்களாம்.

“டகன் எலிஸ்” என்று பட்டமும் வைத்தார்கள். வெளிநாட்டில் கெட்டுப்போன பிள்ளைகளைப் பண்பாடு படிப்பிக்கவென்று தாய்தகப்பன் ஊருக்குக் கொண்டுவந்து தள்ளுவார்களாம், அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லும் சொல். ஒருவரும் தள்ளாமல், தானே பண்பாட்டைச் சுமந்துகொண்டு போனவளுக்கு அந்தப் பெயர்.

அதையும் தாங்கியிருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் சாப்பிட இருந்தபோது, இதாவது இவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து, எழுந்து நின்று அப்திர்சியைச் சொல்லத் தொடங்கினாள். தகப்பனில் தொடங்கி மேலே மேலே ஏறினாள். பாதி வழியில் மாமியின் மருமகள் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனாள். அவள் வேறு குலம், யுத்தத்தில் இவர்களோடு மோதின குலம். இவளுக்கு அது தெரியாது. இவள் நிற்பாட்டவும் இல்லை, பிழை விடாமல் கடைசிப் பெயர்வரை சொல்லி முடித்தாள். மாமி சொன்னாளாம்: “இந்தப் பெயருகளுக்காக நாங்கள் ஆக்களைப் புதைச்சிருக்கிறம். நீ பாட்டு மாதிரிப் பாடமாக்கிக்கொண்டு வந்து நிக்கிறாய்.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இவளோடு ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. மரியாதையாக நடத்தினார்கள். அவர்கள் ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட இவளுக்கு மட்டும் தனித் தட்டு, எழும்ப முன்னம் தேத்தண்ணி. விருந்தாளியை எப்படி நடத்துவார்களோ, அப்படி. எல்லாவற்றையும்விட அதுதான் அவளைக் கொன்றது.

நான் சொன்னேனே என்று சொல்ல வாய் உன்னியது. ஆளின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். இப்போதெல்லாம் அவள் துவாய் மடிக்கும்போது வாய் அசைவதில்லை. ஒரு சிநேகிதி வீட்டு சோபாவில் படுக்கிறாள், தாய் வீட்டுக்குப் போவதில்லை. தாய் நாள்தோறும் ஃபோன் அடிப்பாள். வட்டம் கட்டி ஆடினார்களா, யார் யார் அழுதார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமி உண்மையைச் சொல்லிவிட்ட பிறகு ஒன்றையே கேட்கிறாள்: “டிராவைக் கொண்டு வா. நான் கையால தோய்ச்சு வைக்கிறன். மெஷினில மட்டும் போட்டிடாதை.”

போன வியாழன் ஹோதான் அதைக் கொண்டுவந்து, படுக்கைவிரிப்புகளோடு சேர்த்து மெஷினில் போட்டாள். கொதிதண்ணியில் சுழன்று வெளியே வந்தபோது பொன் நூல் அங்கங்கே அறுந்திருந்தது, செம்மஞ்சள் வெளிறியிருந்தது. மறுநாள் அது பெயரற்றவை வண்டியில், யாரோ கிழவரின் பைஜாமாவுக்கும் ஒற்றைக் கையுறைக்கும் நடுவில் தொங்கியது.

மூன்றாம் மாடியில் ஃப்ராவ் கிறேமருக்குத் தன் பிள்ளைகளையே அடையாளம் தெரியாது. வண்டி வந்ததும் எழும்பி வந்து ஒவ்வொன்றாகத் தடவினாள். டிராவைப் பிடித்து இழுத்து நெஞ்சோடு அணைத்தாள். “இது என்ர. அம்மா எனக்குத் தைச்சது” என்று அழத் தொடங்கினாள்.

“ஓம், உங்கடதான்” என்றாள் ஹோதான்.

பெயர் ஒட்ட அதை வாங்கிக்கொண்டு கீழே வந்ததும் அவள் கையைப் பிடித்தேன். “அடியே, கொம்மாவின்ர கலியாண உடுப்படி. கிழவிக்கு நாளைக்கு மறந்துபோம். நீயே எடுத்து வைச்சுக்கொள்.”

“இஞ்ச என்ன முறை அக்கா? ஆர் தன்ர எண்டு சொல்லுகினமோ அவைக்குத்தானே.” குரலில் அழுகையே இல்லை. அழுதிருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன். “நான் அங்க போய் நிண்டு என்ர எண்டு சொன்னனான். ஒருத்தரும் தரேல்லை. இவ கேட்டிட்டா, குடுப்பம். பெயரை அடியுங்கோ.”

அழுத்தி சூடாகியிருந்தது. ஃப்ராவ் கிறேமரின் பெயர்த்துண்டு ஒன்றை எடுத்துக் கழுத்தோரம் வைத்தேன். நூல் கருகும் மணம் வந்தது. ஹோதான் அதைக் கையில் வாங்கி, பெயரை ஒருதரம் சத்தமாக வாசித்தாள். பிறகு மடித்து மூன்றாம் மாடிக் கூடையில் வைத்தாள். மேசையில் இருந்த அவளுடைய ஃபோன் அதிர்ந்தது. அம்மாவை அவர்கள் ‘ஹூயோ’ என்பார்கள். திரையில் அந்த ஒரு சொல் எரிந்துகொண்டேயிருந்தது. அவள் அடுத்த துவாயை எடுத்தாள், நானும் ஒன்றை எடுத்தேன்.