இடது பக்க ஸ்பிரிங்

என் காரின் முன்பக்க இடது ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிய ஆரம்பித்தபோது, கம்பெனிப் பொருளையே வாங்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் காயிலோவர் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக வரும். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தைத் திருகினால் காரின் உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். வளைவுகளில் வண்டி சாயாது. நான் ஆரணியில் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பவள். நாளெல்லாம் திரையில் கட்டம் கட்டமாகப் பூவும் மாங்காயும் நிரப்பிவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை காஞ்சிபுரத்துக்கோ பெங்களூருக்கோ அந்தச் சின்ன, வேகமான காரை ஓட்டிப் போவதுதான் எனக்கென்று இருந்த சந்தோஷம்.

ஒரு மாதம் படித்தேன், விசாரித்தேன். கடைசியில் இரண்டு செட்டுகள் மிஞ்சின. ஒன்று புதிது. விலை கூடுதல், வந்து சேர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். இன்னொன்று ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் யாரோ விற்பனைக்குப் போட்டிருந்த பழைய செட். ஆறே மாதம் ஓடியது என்று விளம்பரத்தில் இருந்தது. படத்தில் நீல ஸ்பிரிங்குகள் பளிச்சென்று இருந்தன. மனதளவில் அதை வாங்கியே விட்டேன். இருந்தாலும் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே என்று, பள்ளியில் என்னோடு படித்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன்.

"ஆறு மாசத்துல எவனாச்சும் இத கழட்டி விப்பானா?" என்றான் வழியில்.

"அவனுக்கு இன்னா கஷ்டமோ."

"பாக்கலாம்."

வீடு ஊருக்கு வெளியே இருந்தது. நெல் அறுக்கும் மெஷின்களை வாடகைக்கு விடுகிற குடும்பம். அறுபது வயது இருக்கும் ஒருவர் வந்து மெக்கானிக்கைப் பார்த்துக் கேட்டார். "காரு உன்துதா தம்பி?"

"இல்லீங்க, இவங்களுது."

"ஓட்றதும் அந்தம்மாதானா?"

"நான்தாங்க," என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பின்பக்கக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

அங்கே தார்ப்பாய் பாதி மூடிய ஒரு கார் நின்றது. முன்பக்க இடது மூலை உள்ளே நசுங்கிப் போயிருந்தது. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான்கு காயிலோவர்களும் ஒரு சாக்கின் மேல் வரிசையாகக் கிடந்தன.

"ரெண்டு பேர் வந்து பாத்துட்டுப் போய்ட்டாங்க," என்றார் பெரியவர். "எல்லாரையும் ஒண்ணு கேக்கறேன். இது ஒடஞ்சதால வண்டி மரத்துல போய் மோதிச்சா, இல்ல மோதனதால இது இப்பிடி ஆச்சா? எனக்கு அது தெரியணும். விலையெல்லாம் அப்பால பேசிக்கலாம்."

அவர் மகனுக்கு இருபத்து நான்கு வயது. மூன்று மாதத்துக்கு முன் ஆரணி ரோட்டில் ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டியதும் வண்டி புளியமரத்தில் மோதியிருக்கிறது. காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஐம்பதில்தான் வந்தேன், வண்டி தானாக இழுத்துக்கொண்டு போனது என்று பையன் சொல்கிறான்.

"ஐம்பதுல வர்ற வண்டி எங்கயாச்சும் தானா மரத்துக்குப் போவுமா? பொய் சொல்றான். மூணு மாசமா அவன்கிட்ட நான் பேசறதில்ல."

அவர் குரலைத் தாழ்த்தவே இல்லை. கொட்டகையைப் பார்த்தபடி வீட்டு ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

எனக்கு அங்கிருந்து போய்விட்டால் போதும் என்றிருந்தது. மெக்கானிக்குக் கண்ணைக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை. ஏற்கெனவே தரையில் உட்கார்ந்து, செல்போன் விளக்கைப் போட்டு, முன்பக்கத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டான். கையில் ஒரு பொருள் வந்துவிட்டால் அவனுக்குச் சுற்றி ஆட்கள் இருப்பதே மறந்துபோகும்.

ஒரு வளையத்துக்குக் கீழே இருந்த மரைகளை நகத்தால் எண்ணினான். மற்றதையும் எண்ணினான். பிறகு இடது ஸ்பிரிங்கின் மேல்முனையை என் பக்கம் திருப்பினான். நீலப் பெயின்ட் பிறைபோல உரிந்து, கீறல் மேல் கீறலாகத் துரு ஏறியிருந்தது. அதன் குறுக்கே ஆழமான ஒரு புதுக் கீறல். ஸ்பிரிங் உட்காரும் மேல் ரப்பரும் அறுந்திருந்தது. இடது வளையம் வலதைவிட நிறையவே கீழே இருந்தது. படித்தது வீண் போகவில்லை. அவன் சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லு தம்பி," என்றார் பெரியவர்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றேன் நான். "இதெல்லாம் இன்சூரன்ஸுக்காரங்க..."

"உன்ன கேக்கலம்மா."

ஊன்றுகோல் தரையில் படும் சத்தம் கேட்டது. பையன் வந்து கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றான். மூச்சு வாங்கியது. "சொல்லுங்கண்ணா," என்றான். "நான் பொய் சொல்லலன்னு சொல்லுங்க."

பாதி உண்மை அவனைக் காப்பாற்றும். மீதிப் பாதி அவன் தலையிலேயே விழும். அது அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"எத்தன வேகம்னு நான் சொல்ல முடியாதுங்க," என்றான் மெக்கானிக். "ஆனா இந்த ஸ்பிரிங்கு மோதறதுக்கு முன்னாலயே எடத்த விட்டு வெளிய வந்திருக்கு. கீறல் மேல கீறலா இருக்கு பாருங்க, ஒரே மோதல்ல இப்பிடி ஆவாது. பாலத்துல வண்டி எம்பனா சக்கரம் கீழ தொங்கும், அப்போ ஸ்பிரிங்கு லூசாயிடும். திரும்ப அமுங்கும்போது கோணலா மாட்டிகினா வண்டி அந்தப் பக்கம் இழுத்துரும். ஐம்பதுலயும் இழுக்கும்."

"ஏன் வெளிய வந்துச்சு?" என்றார் பெரியவர்.

"வளையத்த ரொம்பக் கீழ எறக்கிட்டாங்க, ஸ்பிரிங்குக்குப் பிடிப்பே இல்லாம போச்சு. இந்தப் பக்கம் மட்டும். யாரு செட் பண்ணது?"

"நான்தான்," என்றான் பையன். "நான் உக்காந்தா வலது பக்கம் கொஞ்சம் தாழும். இடது தூக்கிகினு நிக்கும். போட்டோவுல அசிங்கமா தெரிஞ்சுது. அதான் எறக்கனேன். அப்பால டக்கு டக்குனு சத்தம் வந்துகினே இருந்துச்சு. தெரிஞ்சும் உட்டுட்டேன்."

பெரியவர் அவனை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். அடித்துவிடுவார் என்று நினைத்து நானும் ஓரடி முன்னால் போனேன். அவர் அடிக்கவில்லை.

"ஐம்பதுலதான் வந்தியா?"

"ஐம்பதுலதாம்பா."

திரும்பி வந்து சாக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்தத் துருவேறிய கீறல்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். துரு விரலில் ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பையனுக்குக் கால் வலித்திருக்க வேண்டும், இருந்தும் நகரவில்லை.

"இத நான் விக்கலம்மா," என்றார் கடைசியில், என் பக்கம் திரும்பாமல். "போய்ட்டு வாங்க."

திரும்பும் வழியில் என் காரின் இடது பக்கம் ஒவ்வொரு பள்ளத்திலும் தட்டியது. இரண்டு மாதமாகத் தட்டிக்கொண்டுதான் இருந்தது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்து ஓட்டியிருக்கிறேன். அன்று பாட்டுப் போடவில்லை.

"உன் போன்ல ஒரு போட்டோ காட்னியே," என்றான் மெக்கானிக். "டயருக்கும் பாடிக்கும் நடுவுல ரெண்டு வெரல் கூட எடம் இல்லாம."

"ஆமா."

"அந்த அளவுக்கு எறக்கணும்னா வேற ஆள பாத்துக்க."

ஆரணிக்குப் போனதும் காரை அவன் பட்டறையிலேயே விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போனேன். அன்று மாலையே புதிய செட்டுக்குச் சொல்லிவிட்டேன். அதில் உயரத்தை மாற்ற ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை. கீழே உள்ள குழாய் தனியாகத் திரும்பும், ஸ்பிரிங்கின் இறுக்கம் அப்படியே இருக்கும். விலைப் பட்டியலில் முன்பே படித்ததுதான். அப்போது அது எனக்கு ஒரு காரணமாகப் படவில்லை. ஆறு வாரம் பஸ்ஸில் போய் வந்தேன்.

பூட்டிய அன்று என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்தான். இறக்கியது கொஞ்சம்தான், வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. வலது பக்கம் அரை விரல்கடை தாழ்ந்திருந்தது.

"சரி பண்ண வேணாமா?" என்றேன்.

"நீ எறங்கனா சரியாயிடும். உக்காரு."

வளையங்களை இறுக்கி, குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டான். வளையம் நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும்.

சந்தவாசல் பக்கம் முதல் ஓட்டம் போனேன். நாற்பதுக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு சின்னப் பாலத்துக்கு முன்னாலும் தோள் இறுகியது. வண்டி இறங்கி, அழுத்தி, ஒரே மூச்சில் நிமிர்ந்து ஓடியது. ஆசைப்பட்டு வாங்கியது அதுதான். அப்படியும் ஸ்டீயரிங்கில் என் பிடி தளரவில்லை. நான்கு பாலம் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். குனிந்து இடது பக்கக் கோட்டைப் பார்த்தேன். விலகவில்லை. அதற்குப் பிறகும் அந்த வாரம் முழுக்க அப்படித்தான் ஓட்டினேன்.

அடுத்த மாதம் அந்தப் பையன் போன் செய்தான். விளம்பரத்துக்காகப் பேசியபோது என் நம்பர் அவனிடம் பதிந்திருந்தது.

"அக்கா, கடைசியில எத வாங்கனீங்க?"

சொன்னேன். எவ்வளவு இறக்கினேன் என்று கேட்டான். அதையும் சொன்னேன். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"அப்பா பேசறாரா?" என்றேன்.

"பேசறாருக்கா. ஆஸ்பத்திரிக்கு அவருதான் கூட்டினு போறாரு. காரப் பத்தி மட்டும் பேச்செடுக்க மாட்டாரு."

வண்டியை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவனாகவும் சொல்லவில்லை.